கழற்றாத சட்டை

எங்கள் ஊர் சம்பூர். கொட்டியாரக் குடாவின் கரையில் நின்று வடக்கே நோக்கினால் நீருக்கு அப்பால் திருகோணமலை தெரியும். ஊரில் பத்திரகாளி அம்பாள் கோயில் கொண்டிருக்கின்றாள். ஆடவர் மேற்சட்டையைக் களைந்துவிட்டே சந்நிதியுட் புகுதல் வேண்டும். ஈழத்துக் கோயில்களிற் பெரும்பாலும் உள்ள இவ்வழக்கத்தை ஈண்டு எடுத்துரைப்பானேன் என வாசகர் வினவலாம். என் பெரியப்பா இவ்வழக்கம் ஒன்றினாலேயே பல்லாண்டு அக்கோயில் வாயிலைக் கடவாது நின்றார், ஆதலின் கூறுகின்றேன்.

2006 ஆம் ஆண்டில் யுத்தத்தினால் ஊர் முழுவதும் பெயர்ந்தது. பெரியப்பா குடும்பம் அலைந்து திரிந்து ஈற்றிற் கிளிவெட்டி முகாமிற் சேர்ந்தது. அங்கேதான் அவருடைய முழங்கைகளில் முதலிற் செந்நிறத் தடிப்புகள் தோன்றின. பின்னர் அவை முழங்காலிலும் முதுகிலும் தலையிலும் பரந்தன. தடிப்புகளின் மேல் வெள்ளிய செதில்கள் அடுக்கடுக்காய் எழுந்து உதிர்ந்தன. வீடு வாசல் உள்ளவன் தன் நோயைக் கதவடைத்து மறைக்கலாம். முகாமில் எல்லார்க்கும் பொதுவான குழாய்க்கிணறு. எல்லார் கண்ணெதிரிலும் குளியல். அவர் குளிக்க வந்தால் அயலிலிருந்த தாய் தன் பிள்ளையைக் கைப்பிடித்து அகற்றுவாள். எவரும் வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுமொழியாவது கூறியிருக்கலாம். அன்று முதல் பெரியப்பா கழுத்துவரை பொத்தானிட்ட நீளக் கைச்சட்டை அணியலானார். 2015 இன் பின் ஊர் மீண்டபோதும் அச்சட்டை அவருடன் மீண்டது. திருவிழாக் காலங்களில் வெளிவீதியில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்.

ஒருநாள் வற்புறுத்தி அவரைத் தோல்நோய் வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். வைத்தியர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு பஞ்சுத் துளியை எடுத்துத் தடிப்பின் மேல் மெல்லத் தொட்டார். "தெரிகிறதா, ஐயா?" என்றார். "தெரியுது" என்றார் பெரியப்பா. மீண்டும் ஓரிடம், மீண்டும், "தெரியுது." பின்னர் நகங்களில் ஊசிமுனையளவான குழிகள் உளவா எனப் பார்த்தார், இருந்தன. "இது சோரியாசிஸ். தொற்றாது" என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். வெளியே வந்ததும் பெரியப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "குட்டம் இல்லையாம், தம்பி" என்றார். எட்டு ஒன்பது ஆண்டுகளாக அவர் அஞ்சியது எதற்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

அவ்வச்சம் அவருடையது மாத்திரமன்று. எம் சித்த வைத்திய மரபு குட்டம் பதினெட்டு என வகுத்துப் பல தோல்நோய்களை ஒரே தலைப்பின் கீழ் அடக்கிற்று. செதிலுதிரும் இந்நோயை இன்று சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை எனத் தனியே சுட்டுகின்றனர். மேனாட்டிலும் இதே மயக்கம் நெடுங்காலம் நிலவிற்று. 1841 இலேதான் வியன்னா நகரத்து ஹெப்ரா இந்நோயைக் குட்டநோயினின்றும் ஐயமறப் பிரித்துக் காட்டினார். குட்டநோய்க் கிருமியை நோர்வே நாட்டு ஹான்சன் கண்டது 1873 இல். குட்டநோயின் தழும்பிலே உணர்ச்சி மங்கும், சோரியாசிசிலே மங்காது. ஒரு பஞ்சுத் துளி பிரித்துவிடக்கூடிய இரண்டை உலகம் அத்துணை நூற்றாண்டு ஒன்றெனக் கொண்டிருந்தது! குட்டநோயும் இன்று கூட்டு மருந்துகளால் முற்றக் குணமாவதே. அந்நோயாளரை ஒதுக்குதற்கும் நியாயம் இல்லை என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவிடல் வேண்டும்.

நோயின் இயல்பு யாது? எம் தோலின் அடித்தளத்திற் பிறக்கும் கலம் ஒன்று மேலெழுந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் செல்லும். சோரியாசிசில் இந்தப் பயணம் நான்கைந்து நாளில் முடிந்துவிடுகின்றது. முதிராத கலங்கள் ஒன்றின்மேலொன்றாய்க் குவிகின்றன, அவையே செதில். உடலைக் காக்க வேண்டிய வெண்குருதிக் கலங்கள் காரணமின்றித் தோலைத் தூண்டுவதே இதன் மூலம். அதனாலேயே சிலருக்கு மூட்டுகளும் வீங்குகின்றன. பரம்பரைச் சார்பு உண்டு; மனத்துயரும் காயமும் அதனைக் கிளர்த்தும். உலக சுகாதார நிறுவனத்தின் 2016 ஆம் ஆண்டு அறிக்கை, உலகில் குறைந்தது 10 கோடிப் பேர்க்கு இந்நோய் உண்டெனக் கூறும்.

மருந்து கண்ட வரலாறு சுவையானது. பிரேசில் நாட்டு மரமொன்றின் பிளவுகளில் மஞ்சள் நிறத் தூள் திரளும். போர்த்துக்கேயர் அதனைக் கோவாவிற்குக் கொணர, 'கோவாத் தூள்' என்றே பெயராயிற்று. இந்தியாவில் அதனைப் படர்தாமரைக்குப் பூசினர். இலண்டனில் ஒருவர் தம் சோரியாசிசைப் படர்தாமரை எனத் தவறாகக் கருதி இத்தூளைப் பூச, நோய் தணிந்தது. 1876 இல் வைத்தியர் பால்மன்னோ ஸ்குவயர் இதனைக் கவனித்தார். நோயாளியின் பிழையைத் திருத்துவதோடு அவர் நின்றிருப்பின் கதை அங்கே முடிந்திருக்கும். முதலாம் உலகப் போரின்போது மரத்தூள் கிடையாது போகவே, ஜெர்மானியர் 1916 இல் அதற்கு ஈடான டித்ரனோலைச் செயற்கையாக ஆக்கினர். அது நோயைத் தணிக்கும். உடன் சட்டையையும் படுக்கையையும் கறைப்படுத்தும்.

ஆயினும், பெரியப்பாவின் மருந்துப் பெட்டியில் உள்ள குளிசைகளின் கதை இதனினும் வியப்பானது. அது பீமவரத்திற் பிறந்த ஒரு தெலுங்கரின் கதை. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 இற் பிறந்தார். மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் மூன்றாம் முறையே தேறினார். (பெறுபேறு வரும் நாளில் மாணவரைக் கடிந்துகொள்ளும் ஆசிரிய நண்பர்கள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.) அவருடைய சகோதரர் இருவரை 'ஸ்புரூ' என்னும் வயிற்று நோய் சில நாள் இடைவெளியிற் கொண்டுபோயிற்று. அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து சத்திரசிகிச்சைக் கூடத்துட் சென்றமையாற் பேராசிரியரின் சினத்திற்கு ஆளாகி, முழுப் பட்டம் கிட்டாது, எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். உடையொன்று ஒருவரின் வாழ்வைத் திசைதிருப்பியதற்கு இதுவும் ஓர் உதாரணம். தமக்கும் ஸ்புரூ கண்டபோது அவரைக் குணப்படுத்தியவர் ஆயுர்வேத அறிஞர் ஆசண்ட லட்சுமிபதி. பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டிலே உழைத்தார். 1940 இல் லெடர்லே ஆய்வுகூடத்திற் சேர்ந்தார்.

இதற்கிடையே பம்பாயில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர், கர்ப்பிணிகளான ஆலைத் தொழிலாளரின் இரத்தசோகையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்நோய்க்கு மருந்தாக அவர் கண்டது எமது வீடுகளில் பாணுக்குப் பூசும் மாமைட்! அதனுள் இருந்து உதவிய பொருளே போலிக் அமிலம் எனப் பின்னர் அறியப்பட்டது. 1945 அளவில் சுப்பாராவின் குழுவினர் அதனை ஆய்வுகூடத்திலேயே ஆக்கிவிட்டனர். அது ஸ்புரூ நோயின் சோகையையும் போக்கிற்று.

பொஸ்டன் வைத்தியர் சிட்னி பார்பர், வெண்குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளில் இப்பொருள் நோயை வளர்ப்பதுபோலத் தோன்றக் கண்டார். வளர்ப்பதாயின், அதன் எதிரி தடுக்குமன்றோ? சுப்பாராவின் குழுவினர் போலிக் அமிலத்தைப் போல நடித்து அதன் இடத்தைக் கவர்ந்துகொள்ளும் பொருள்களை ஆக்கிக் கொடுத்தனர். அவற்றுள் ஒன்று அமினோப்டெரின்; அதன் தம்பி மெதோட்ரெக்சேட். 1948 இல் பார்பர் தம் முடிவுகளை வெளியிட்டார். அதே ஆண்டு ஓகஸ்டில், 53 ஆம் வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே இறந்தார்.

மூன்றாண்டு கழிந்து, 1951 இல், கப்னர் என்னும் வைத்தியரும் அவருடைய தோழரும் மூட்டுவாத நோயாளர்க்கு அமினோப்டெரின் கொடுத்து வந்தபோது, சோரியாசிசும் உடனிருந்தவரின் தோல் தெளிவதைக் கண்டனர். மீண்டும் தேடாத இடத்திலேயே பயன் கிட்டிற்று! 1958 முதல் மெதோட்ரெக்சேட் அவ்விடத்தைப் பிடித்தது. சுப்பாராவ் தம் மருந்து தோல்நோயைத் தணிக்கும் என்று அறியாமலே போனார்.

பெரியப்பாவின் பெட்டியில் இருவகைக் குளிசை உண்டு. மெதோட்ரெக்சேட் வாரத்திற்கு ஒரேயொரு நாள். அதன் வேகத்தைத் தாங்கப் போலிக் அமிலம் வேறு நாளில். எதிரிகளான இவ்விரண்டும் ஒரே மனிதரின் கூடத்திலிருந்து வந்து, சம்பூரில் ஒரே பெட்டியினுள் இருக்கின்றன. வார மருந்தை நாளாந்தம் விழுங்கி உயிரிழந்தோர் பல நாடுகளில் உளர். ஆகையால், நாளைத் தவறவிடாதிருக்க வெள்ளிக்கிழமையைக் குறித்துக்கொண்டார். குருதியும் ஈரலும் அடிக்கடி சோதிக்கப்பட வேண்டும். கருவுற்ற பெண்கள் இதனைத் தொடவே கூடாது. கள்ளும் ஆகாதென்றார் வைத்தியர். நோயைவிட இதுவே பெரியப்பாவைப் பெரிதும் வருத்திற்று என்பது என் ஊகம்.

நாட்டு வைத்தியத்தை நான் இகழ்பவன் அல்லேன். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயிலிட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறம் பெறும். இந்தத் தைலத்தைச் சென்னையிலுள்ள மத்திய சித்த ஆராய்ச்சி நிறுவனம் சோரியாசிசுக்கென ஆராய்ந்தது. திருகோணமலை வளாகத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் சித்த மருத்துவம் பட்டப் படிப்பாகவே நடைபெறுகின்றது. எங்கள் பரியாரிமார் பரம்பரையாய் வைத்திருக்கும் எண்ணெய்களை அம்மாணவர், பூசியவர் பூசாதவர் என இருசாராரை ஒப்பிட்டு அளந்து எழுதுவாராயின் உலகம் செவிகொடுக்கும். 'எங்கள் முன்னோர் அறிந்ததே' என்னும் பேச்சினால் ஒரு செதிலும் உதிராது. நான் அஞ்சுவது, பெயர் சொல்லாத பொடியையும் ஊசியையும் விற்போரையே. பெரியப்பாவும் அத்தகைய ஊசி ஒன்றினால் ஒரு மாதம் பளபளத்து, மறுமாதம் முன்னையினும் மோசமாகச் சிவந்தார்.

1979 இல், மாற்றுறுப்பு நோயாளர்க்கான சைக்ளோஸ்போரின் இந்நோயையும் தணிக்கக் கண்டபின், நோயின் மூலம் நோயெதிர்ப்பிலே உள்ளதென்னும் கருத்து வலுப்பெற்றது. அவ்வழியில் வந்த ஊசிமருந்துகள் இன்று பலரது தோலை ஏறக்குறைய முழுதும் தெளிவிக்கின்றன. அவற்றின் விலை எம்மூர்க் கடற்றொழிலாளரின் கைக்கு எட்டாது. பழைய குளிசையின் விலை எட்டும்.

சென்ற வெள்ளிக்கிழமை பெரியப்பாவைக் காணச் சென்றேன். முதுகு பெரிதும் தெளிந்திருந்தது. முழங்கைகளில் மாத்திரம் இரு தடிப்புகள் எஞ்சியிருந்தன. வெறும் மேலோடு திண்ணையில் அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். "இம்முறை திருவிழாவுக்கு உள்ளே வாருங்கோ, பெரியப்பா" என்றேன். "பார்ப்பம், தம்பி" என்றார். படலை திறக்கும் ஓசை கேட்டது. வந்தது அயல்வீட்டுப் பையன்தான். அதற்குள் அவருடைய கை கொடியிற் கிடந்த சட்டையை எடுத்துவிட்டது.