யுத்தம் இலக்கியத்தை வளர்க்கிறதா? பலஸ்தீன எழுத்து தரும் பதில்

"இலக்கியம் காலத்தின் கண்ணாடி" என்ற வசனம் இல்லாமல் நமது உயர்தர மாணவர்கள் கட்டுரை எழுதுவது அபூர்வம். அடுத்த வரியில் பெரும்பாலும் "யுத்தமும் துயரமுமே சிறந்த இலக்கியத்தைப் படைக்கின்றன" என்று இருக்கும். தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் என்ற வகையில் பல வருடங்களாக இந்த வரியோடு எனக்குப் பிணக்கு உண்டு. அது பாதி உண்மை மட்டுமே. துயரம் தானாகவே இலக்கியமாகிவிடும் என்று நம்பும் சமூகம், தன் துயரத்தைப் பதிவு செய்ய எந்த முயற்சியும் எடுக்காமல் இருந்துவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பலஸ்தீன இலக்கியம் உருவான விதத்தைப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும்.

1948 நக்பாவின்போது சுமார் 7 இலட்சம் பலஸ்தீனர்கள் தமது ஊர்களை இழந்தார்கள். வீடும் நிலமும் மட்டும் போகவில்லை. யாஃபா, ஹைஃபா போன்ற நகரங்களில் இருந்த பத்திரிகைகள், அச்சகங்கள், படித்த வாசகர் கூட்டம் எல்லாமே சிதறிப்போயின. யாஃபாவில் 1911 முதல் வெளிவந்த 'ஃபலஸ்தீன்' பத்திரிகையும் அந்த நகரத்தை விட்டுப் போகவேண்டி வந்தது. இஸ்ரேலுக்குள் எஞ்சிய சுமார் ஒன்றரை இலட்சம் அரபிகளில் பெரும்பாலானோர் கிராமவாசிகள். 1966 வரை அவர்கள் இராணுவ நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்தார்கள். பக்கத்து ஊருக்குப் போவதற்கும் அனுமதிப் பத்திரம் தேவைப்பட்டது.

இப்படிப்பட்ட சமூகத்தில் முதலில் எழுந்தது நாவல் அல்ல, கவிதை. அதற்குக் காரணம் உண்டு. நாவலுக்கு அச்சகம் வேண்டும், காகிதம் வேண்டும், வாங்கிப் படிக்க ஆள் வேண்டும், எழுதுபவருக்கு ஓய்வான நேரமும் வேண்டும். கவிதைக்கு நினைவாற்றலும் கேட்பதற்கு நாலு பேரும் போதும். மஹ்மூத் தர்வீஷ், ஸமீஹ் அல்காஸிம், தௌஃபீக் ஸய்யாத் போன்றவர்களின் கவிதைகள் ஊர்க் கூட்டங்களில் வாசிக்கப்பட்டு, கேட்டவர்களின் மனதில் பதிந்து, வாய்வழியாகப் பரவின. அந்தக் கவிதைகள் எளிமையாகவும் நேரடியாகவும் இருப்பதற்கும், முக்கிய வரிகள் திரும்பத் திரும்ப வருவதற்கும் இதுவே காரணம். அவை காதுக்காக எழுதப்பட்டவை.

தர்வீஷின் சொந்தக் கிராமமான அல்பிர்வா 1948இல் அழிக்கப்பட்டது. குடும்பம் லெபனானுக்கு ஓடிப்போய் ஒரு வருடமளவில் இரகசியமாகத் திரும்பி வந்தது. ஆனால் அதற்கிடையில் குடித்தொகைக் கணக்கெடுப்பு முடிந்திருந்தது. சட்டத்தின் பார்வையில் அவர்கள் "இருந்தும் இல்லாதவர்கள்" ஆனார்கள். அந்தச் சிறுவன்தான் 1964இல் 'அடையாள அட்டை' கவிதையை வெளியிட்டார். தன் விபரங்களைப் பதியும் அதிகாரியைப் பார்த்து ஒருவர் பேசுவதாக அந்தக் கவிதை அமைந்திருக்கிறது. ஒரு மக்களை அடக்கிவைத்த பதிவேடே அவர்களின் கவிதைக்கு உருவம் கொடுத்தது.

எல்லைக்கு வெளியே அகதிகளான பலஸ்தீனர்களின் நிலைமை வேறு. 1950இல் ஐ.நா.வின் நிவாரண முகவர் நிலையம் பணியைத் தொடங்கியது. அதன் பாடசாலைகளில் முகாம் பிள்ளைகள் படித்தார்கள். அக்கா நகரில் பிறந்து 12 வயதில் அகதியான கஸ்ஸான் கனஃபானி, டமஸ்கஸில் அப்படியொரு பாடசாலையில் ஆசிரியராக இருந்தார். பாடத்திட்டத்தில் உள்ளபடி ஒரு நாள் அவர் அப்பிளும் வாழைப்பழமும் வரையக் கற்பித்திருக்கிறார். பிள்ளைகளுக்கு அவற்றோடு எந்த ஒட்டுதலும் இல்லை என்பதைக் கண்டு, முகாமை வரையச் சொன்னதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஓர் ஆசிரியனாக, இலக்கியக் கோட்பாட்டு நூல்கள் பலவற்றை விட இந்தச் சிறு சம்பவம் எனக்கு அதிகம் கற்றுத் தந்திருக்கிறது.

1963இல் வெளிவந்த அவருடைய 'சூரியனில் மனிதர்கள்' நாவலில் மூன்று பலஸ்தீனர்கள் வேலை தேடி பஸ்ராவிலிருந்து குவைத்துக்குக் களவாகப் போகிறார்கள். வெறுமையான தண்ணீர் பவுசருக்குள் ஒளிந்திருக்கிறார்கள். எல்லைக் காவலரணில் அதிகாரிகள் சாரதியோடு வம்பளந்து தாமதிக்க, மூவரும் வெப்பத்தில் மூச்சடைத்து இறந்துபோகிறார்கள். இதில் எந்த இஸ்ரேலியச் சிப்பாயும் சுடவில்லை. வறுமையும், கடவுச்சீட்டு இல்லாமையும், எண்ணெய் வளமுள்ள நாட்டுக்கும் அகதிக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வும் அவர்களைக் கொல்கின்றன. அரபு உலகத்தை நோக்கியே கனஃபானி இந்தக் கேள்வியை எழுப்பினார். 1972 ஜூலை 8ஆம் திகதி பெய்ரூத்தில் கார்க் குண்டு வெடித்து, தன் சகோதரியின் மகள் லமீஸோடு அவர் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 36.

யுத்தம் இலக்கியத்தை வளர்க்கிறது என்பவர்கள் இந்த வயதைக் கவனிக்க வேண்டும். எழுதப்படாமல் போன நூல்களை யாராலும் கணக்கிட முடியாது. காஸா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த ரிஃப்அத் அல்அரீர், இளம் எழுத்தாளர்களின் சிறுகதைகளைத் தொகுத்து 2014இல் நூலாக்கினார். 2023 டிசம்பரில் விமானத் தாக்குதலில் அவரும் கொல்லப்பட்டார். அவர் கற்பித்த பல்கலைக்கழகமும் இடிபாடாகியது. யுத்தம் எழுத்துக்குப் பொருளைத் தருகிறது என்பது சரி. ஆனால் எழுதும் கையையும், எழுதக் கற்பிக்கும் கையையும் அதுவே வெட்டுகிறது. பலஸ்தீனர்களின் துயரத்தை இலக்கியமாக்கியவை பாடசாலையும், கூடிக் கேட்ட ஊரும், கைவிடாத ஆசிரியர்களும்தான்.

இந்த இலக்கியம் நமக்கு அந்நியமானதல்ல. கல்முனை மண்ணின் மைந்தரான பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' 1981இல் வெளிவந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதும் அதே வருடம்தான். அந்த எரிப்பைப் பற்றி 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை எழுதியவரும் நுஃமானே. தமிழில் கிடைத்த அந்தப் பலஸ்தீனக் கவிதைகளை எண்பதுகளின் ஈழத்துக் கவிஞர்கள் பலர் தமது சொந்தக் குரலாகவே வாசித்தார்கள்.

அதற்கு ஒன்பது வருடங்களின் பின், 1990 ஒக்டோபரில், வடமாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஒடுக்கப்பட்டவர்களின் கவிதைகள் வாசிக்கப்பட்ட மண்ணிலேயே இது நடந்தது. இலக்கியம் ஒரு சமூகத்தை அநீதியிலிருந்து தானாகக் காப்பாற்றிவிடாது என்பதற்கும் நமது வரலாறே சாட்சி.

அன்று இருபது வயதில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களின் பெற்றோரில் பலர் மௌத்தாகிவிட்டார்கள். புத்தளத்து முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்று பிள்ளைகளுக்குத் தாய் தந்தையராகிவிட்டார்கள். கைவிட்டு வந்த கடைகள், கிணறுகள், பள்ளிவாசல்கள், வழியில் தண்ணீர் தந்த தமிழ் அயலவர்கள் பற்றிய நினைவுகள் இன்னும் பல வீடுகளில் பேச்சாகவே இருக்கின்றன. பேச்சு ஒரு தலைமுறைக்கு மேல் நிலைக்காது.

இதற்கென்று பெரிய நிதியம் எதுவும் தேவையில்லை. தமிழ்ப் பாடத்தில் ஒரு மாணவன் தன் மூத்தம்மாவிடம் கேட்டு இரண்டு பக்கம் எழுதட்டும். பாடசாலைச் சஞ்சிகை அதற்கு இடம் கொடுக்கட்டும். பள்ளிவாசல் நிர்வாகங்கள் பழைய கடிதங்களையும் படங்களையும் சேர்த்து வைக்கட்டும். நமது நூலகங்கள் நமது எழுத்தாளர்களின் நூல்களை வாங்கட்டும். பிள்ளைகளிடம் அப்பிளை வரையச் சொல்வதா, முகாமை வரையச் சொல்வதா என்பதை ஆசிரியர்களாகிய நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.