தீவகப் பயணமும் கையடக்க வானொலியும்

ஒரு கருவியின் பயன்மதிப்பை அது இயங்கும் சூழலே நிர்ணயிக்கின்றது. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்குச் சென்று, படகிலும் கரையிலுமாகப் பிரிந்து நிற்கும் நண்பர்கள், தம்முள் உரையாட வோக்கி-டோக்கி வாங்க முற்படுகையில் பெட்டியில் அச்சிட்ட மைற்கணக்கையே முதலிற் காண்கின்றனர். அக்கணக்கு சந்தைக்குரியது, கடலுக்குரியதன்று.

இவற்றின் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. எனவே புவியின் வளைவே அவற்றுக்கு எல்லையாகின்றது. ஒன்றரை மீற்றர் உயரத்திற் பிடித்த இரு கருவிகள் திறந்த கடலில் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் வரையே தொடர்புகொள்ளும். அவற்றுள் ஒன்றை 10 மீற்றர் உயரத்தில் வைத்தால் அத்தூரம் ஏறத்தாழ 18 கிலோமீற்றராகும். மலையற்ற தீவகத்தில் வாற்றைக் கூட்டுவதினும் உயரத்தைக் கூட்டுவதே பயன்தரும். பனங்கூடல்களுக்குள்ளோ தூரம் வெகுவாகக் குறையும். உப்புநீர் புகாமையும் நாள் முழுவதும் நீடிக்கும் மின்கலமும் அடுத்து நோக்கத்தக்கன.

ஐரோப்பாவிலிருந்து உறவினர் கொணரும் 446 மெகாஹேட்ஸ், அரை வாற்றுக் கருவிகளுக்கு அங்கு உரிமம் வேண்டியதில்லை. இலங்கையில், 1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் வானொலிக் கருவிகளுக்கு உரிமம் அவசியமாகும். எனவே வாங்குமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் உசாவுதல் வேண்டும்.

1990களில், மின்கலங்களுக்கே தடையிருந்த காலத்தில், குடாநாட்டு மக்கள் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது. கேட்பதற்கே இத்துணை உழைத்த சமூகத்திற்குப் பேசுங்கருவி வெறும் விளையாட்டுப் பொருளன்று. ஒருவர் பேசுகையில் ஏனையோர் கேட்டே ஆகவேண்டிய கருவி இது. ஆதலின் பொது அலைவரிசையையும் அழைக்கும் நேரத்தையும் படகேறுமுன் குழுவினர் கூடித் தீர்மானித்தல் வேண்டும்.