மாயக்கதைப் படங்களில் யாருக்கு எந்த உடை?

தென்காசிக்கு அருகிலுள்ள சுந்தரபாண்டியபுரம் தமிழ்த் திரையுலகுக்கு நன்கு பழகிய ஊர். 1992-இல் வெளியான ‘ரோஜா’வின் நாயகி கதைப்படி இவ்வூர்ப் பெண். 2005-இல் வெளியான ‘அந்நியன்’ படத்தின் ஒரு பாடலுக்காக இங்குள்ள வீடுகள், லாரிகள், பாறை என அனைத்துக்கும் வண்ணம் பூசினார்கள். ஊரை மாயக்கதை ஊராக்கச் சாயமே போதும். மனிதரை மாயக்கதை மாந்தராக்க உடை வேண்டும். அந்த உடை யாரைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டியுள்ளது.

மாயக்கதையில் ஒருவரின் மனத்தை விளக்க நேரம் இருப்பதில்லை. மந்திரவாதி திரையில் தோன்றியதுமே அவன் மந்திரவாதி என்று தெரிந்தாக வேண்டும். ஆகவே துணியின் நிறம், பளபளப்பு, தையல், கிழிசல் ஆகியவையே வசனத்தின் வேலையைச் செய்கின்றன. ஏழ்மையும்கூட அங்கே உருவாக்கப்படும் ஒன்றுதான்: புதுத்துணியைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்துப் பழையதாக்குவார்கள். 2015-இல் வந்த ஹாலிவுட் ‘சிண்ட்ரெல்லா’வில் இளவரசன் தேடி வரும்போது நாயகி நிற்பது நடன அரங்கின் நீல உடையில் அல்ல, தன் பழைய அன்றாட உடையில். “இதுவே நான்” என்பதை ஆடை வடிவமைப்பாளர் சாண்டி பவல் துணியாலேயே சொல்லிவிடுகிறார். ஆனால் அவளும் வசதியான வணிகர் வீட்டுப் பெண்தான் என்பதை நாம் மறக்கலாகாது.

தமிழில் இந்த இலக்கணம் எங்கே சாதியைத் தொடுகிறது என்பதற்கு ‘மதுரை வீரன்’ (1956) தக்க சான்று. அருந்ததிய மக்கள் தம் முன்னோனாக வழிபடும் வீரனை, அரசனுக்குப் பிறந்து காட்டில் விடப்பட்ட குழந்தையாக அப்படம் மாற்றியது. என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் ஏற்ற செருப்புத் தைக்கும் தம்பதியர் அவனை எடுத்து வளர்க்கிறார்கள். எனவே எம்.ஜி.ஆர். அணியும் வீர உடை, உழைத்தும் போரிட்டும் பெற்ற உடையாகப் பொருள்படுவதில்லை. பிறப்பால் அவனுக்குரியது அவனிடமே திரும்பியதாகப் பொருள்படுகிறது. வளர்த்த கைகள் தோல் தைத்துக்கொண்டே இருக்க, வளர்ந்தவனின் மேனி மட்டும் மின்னுகிறது. படம் பெருவெற்றி பெற்றது. ஒடுக்கப்பட்ட மக்களும் அதைக் கொண்டாடினார்கள். அந்த மகிழ்ச்சியை நாம் எள்ளவில்லை. ஆனால் ‘நம் வீரன்’ மின்னுவதற்கு அவனை முதலில் நம்மிடமிருந்து பிறப்பால் பிரிக்க வேண்டியிருந்தது என்பதே உறுத்துகிறது.

‘அடிமைப்பெண்’ (1969) படத்திலும் இதே கதைதான். கூண்டில் கூனிக் கிடந்தவன் நிமிர்ந்து, பேசக் கற்று, உடையும் பெறுகிறான், அவனும் அரசகுமாரனே. ‘பாதாள பைரவி’யின் (1951) நாயகன் தோட்டக்காரர் மகன் என்பது நல்ல விலக்கு. எனினும் இளவரசியை மணக்க அவனும் அரண்மனைச் செல்வத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்தது.

திரைக்கு வெளியே உடை வெறும் குறியீடாக இருந்ததில்லை. 1930-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதி திராவிடர்மீது விதித்த தடைகளை ஜே.எச். ஹட்டன் தம் நூலில் பதிவு செய்துள்ளார்: ஆண்கள் முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ துணி அணியக் கூடாது, சட்டை, பனியன் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடலை மறைக்கக் கூடாது, பூச்சூடக் கூடாது. கிராமத்து நாயகியின் கபடமின்மைக்கு அடையாளமாகத் திரைப்படங்கள் இன்றும் உடுத்திவிடும் அதே பாவாடை தாவணிதான், அதே பூதான்! இதை அறியாமல் ‘கிராமத்து உடை’ என்று எழுதும் விமர்சனங்களை மாணவர்கள் ஐயத்தோடு படிக்க வேண்டும். 1927 டிசம்பரில் மகாத்தில் பெண்களிடம் பேசிய அண்ணல் அம்பேத்கர், சேலை கட்டும் முறையையும் சாதியைக் காட்டிக்கொடுக்கும் அணிகலன்களையும் மாற்றச் சொன்னார். உடுக்கும் விதமே சாதிச் சான்றிதழாக இருந்ததை அவர் அறிந்திருந்தார்.

மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) மாயக்கதையின் பொருள்களையே எடுத்துக்கொள்கிறது: வாள், குதிரை, முகமூடி அணிந்து வரும் சிறுதெய்வம். ஆனால் அதன் நாயகனுக்கு மறைந்திருக்கும் அரச பிறப்பு எதுவும் இல்லை. லுங்கியோடும் சட்டையோடும்தான் அவன் வாளேந்துகிறான். படத்தில் காவல் அதிகாரியைச் சினமூட்டுவது ஓர் ஆயுதமன்று. தன் முன்னே தலைப்பாகையைக் கழற்றாமல் நிற்கும் ஊர்ப் பெரியவர்.