நேரில் போனால் சீட் கிடைக்குமா?

அன்றெல்லாம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் செங்கோட்டை பாசஞ்சரில் நிற்க இடமிருக்காது. கல்லிடைக்குறிச்சியிலும் வீரவநல்லூரிலும் ஏறுகிற அப்பாமார் கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே மார்க் ஷீட், அதற்கடியில் மடிப்புக் கலையாத சிபாரிசுக் கடிதம். நெல்லை ஜங்ஷனில் இறங்கிப் பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ். 1923-ல் தொடங்கிய சேவியர் காலேஜ், அப்புறம் ஜான்ஸ், பெண்பிள்ளை என்றால் சாரா டக்கர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படிவம், தனித்தனி லிஸ்ட்.

லிஸ்ட் ஒட்டுவது காலேஜ் நோட்டீஸ் போர்டில். "ரெண்டாம் லிஸ்ட்டு திங்கக்கெழம போடுவாவ அண்ணாச்சி, வந்து பாருங்க" என்பார் கிளார்க். மறுபடி பாசஞ்சர். அலைய முடிந்தவர் பிள்ளைக்குச் சேதி முதலில் தெரியும். கூலி வேலையை விட்டுவிட்டு வர முடியாதவர் பிள்ளைக்குத் தெரிவதற்குள் பணம் கட்டும் தேதி போயிருக்கும். அந்தக் காலம் பொற்காலம் என்று பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

பொறியியலுக்கு 1997-ல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. 1981 முதல் நெல்லையிலேயே அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் அதில் இடம் எடுக்க நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துக் கிண்டிக்குத்தான் போக வேண்டியிருந்தது. திரையில் காலியிடம் குறைந்துகொண்டே வரும். படிக்கப்போகிற கல்லூரியைக் கண்ணால் பார்க்காமலே சில நிமிடத்தில் பெயர் சொல்லியாக வேண்டும்.

2018 முதல் அந்தக் கலந்தாய்வும் இணையத்தில். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று கட்-ஆஃப் 200. சமமாக வந்தால் முதலில் கணக்கு மார்க்கைப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் சில தனியார் கல்லூரிகள், மாணவர் நேரில் வந்து பார்த்ததை ஆர்வத்துக்கு அடையாளமாகக் கணக்கில் வைக்கும். இங்கே கலந்தாய்வில் அதற்கு அரை மார்க்கும் கிடையாது. "நேர்ல வாங்க, சீட்டை உறுதி பண்ணிடலாம்" என்று போன் வந்தால் அது மேனேஜ்மென்ட் கோட்டா வியாபாரம்.

ஆனால் நேரில் போய்ப் பார்ப்பது வீணல்ல. கலந்தாய்வுக்கு நாம் கொடுக்கிற விருப்பப் பட்டியலில் எதை மேலே போடுகிறோமோ, இடமிருந்தால் அதுதான் கிடைக்கும்; கீழே இருப்பதைப் பிறகு கேட்டுப் பயனில்லை. அந்த வரிசையைப் பிரவுசிங் சென்டர்காரரிடம் விடாதீர்கள். அரசே 'நான் முதல்வன்' திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகளைக் கல்லூரிக் களப்பயணம் கூட்டிப்போகிறது. நீங்களும் பட்டியல் போடுமுன், வகுப்பு நடக்கிற ஒரு நாளில் போய் லேபையும் ஹாஸ்டல் சாப்பாட்டையும் பாருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் கேளுங்கள்.