பனி மேலிருந்து பெய்கிறதா?

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் வெளியே கிளம்பினால், "பனி பெய்கிறது, தலையில் துண்டைப் போட்டுக்கொள்" என்று திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் பெரியவர்கள் சொல்வார்கள். வைக்கோல்போர் நனைந்திருக்கும். சைக்கிள் இருக்கையில் நீர்த்துளிகள் நிற்கும். மழையைப் போலப் பனியும் மேலிருந்து பெய்கிறதா?

லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் இதை ஆராய்ந்து 1814-இல் ஒரு நூல் வெளியிட்டார். கால்கள் மேல் நிறுத்திய பலகையின் மேலே ஒன்றும் அடியில் ஒன்றுமாக, எடை சமமான கம்பளிப் பஞ்சுகளை இரவில் வைத்தார். காலையில் மேலே இருந்த பஞ்சில்தான் அதிக நீர் இருந்தது. "அப்படியானால் பனி மேலிருந்துதானே விழுகிறது?" என்று கேட்பீர்கள். அவர் இன்னொரு சோதனையும் செய்தார். மேலே திறந்த மண் உருளை ஒன்றைப் புல்தரையில் நிறுத்தி, அதனுள் பஞ்சை வைத்தார். நேர் மேலே மறைப்பு இல்லை. ஆனாலும் வெளியில் இருந்த பஞ்சைவிட அதில் மிகக் குறைந்த நீரே சேர்ந்தது! பனி மழைபோல் விழுந்தால் இரண்டும் ஒரே அளவு நனைந்திருக்க வேண்டும் அல்லவா?

வெப்பம் எங்கே போகிறது?

எல்லாப் பொருள்களும் வெப்பக் கதிர்களை வெளிவிடுகின்றன. மேகமற்ற இரவில் புல் வானை நோக்கி வெப்பத்தை இழக்கிறது. திரும்பப் பெறுவது குறைவு. எனவே புல், சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அதைத் தொடும் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்றில் நீராவி முன்போல் தங்க முடியாது. மிகுதி நீராகப் புல்லில் படிகிறது. இதுவே பனித்துளி. வானம் எவ்வளவு அதிகமாகத் தெரிகிறதோ, அவ்வளவு வெப்ப இழப்பு. உருளைக்குள் இருந்த பஞ்சுக்குத் தெரிந்தது சிறு வட்ட வானமே. மேகம் மூடிய இரவில் பனி குறைவதும் இதனால்தான்.

ஊட்டியில் வெண்மை

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஆகவே நம் ஊரில் விடியலில் 20 டிகிரி என்றால், அங்கே ஏறக்குறைய 5 டிகிரி. ஆனால் இது காற்றின் வெப்பநிலை. தெளிந்த, காற்றடிக்காத இரவில் புல்நுனி 0 டிகிரிக்கும் கீழே போய்விடும். அப்போது நீராவி நேராகப் பனிக்கட்டிப் படிகமாகிறது. இதுவே உறைபனி. இமயமலையில் பெய்யும் வெண்பனி மேகத்தில் உருவாகி விழுவது. உறைபனியோ இருந்த இடத்திலேயே வளர்வது.

குளிர்ந்த காற்று கனமானது. பள்ளத்தில் வந்து தேங்கும். அதனால் தலைக்குந்தா, குதிரைப் பந்தய மைதானம் போன்ற இடங்கள் வெளுக்கும்போது மேலேயுள்ள சரிவுகள் தப்பிவிடுவதுண்டு.

பார்க்க வருவோருக்கு அது அழகு, தோட்டக்காரர்களுக்கு இழப்பு. தேயிலைக் கொழுந்து கருகிவிட்டால் பறிப்பவருக்கு வேலை இல்லை. எனவே இளஞ்செடிகளை இலைதழைகளால் மூடுகிறார்கள். வெல்ஸின் பலகை செய்ததையே அந்த மூடாக்கும் செய்கிறது: செடியிடமிருந்து வானை மறைக்கிறது.

படம் எடுப்போருக்கு

சூரியன் எழுந்தவுடன் எடுங்கள். ஒளி பக்கவாட்டிலோ எதிரிலிருந்தோ வந்தால் துளிகளும் படிகங்களும் மின்னும். வெண்மை நிறைந்த காட்சியைக் கேமரா சாம்பல் நிறமாக்கும். ஒளியளவைச் சற்றுக் கூட்டுங்கள். ஊட்டிக் குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் நுழையுமுன் கேமராவை பாலிதீன் பையில் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் லென்சிலேயே பனித்துளி படியும்! விழுப்புரத்தில் குளிர்சாதனப் பேருந்தை விட்டு இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குவதும் இதே காரணத்தால்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

எடை சமமான இரு பெரிய பஞ்சு உருண்டைகளை எடுங்கள். மொட்டைமாடியில் பாலிதீன் தாளை விரித்து, ஒன்றைத் திறந்த வெளியிலும் மற்றொன்றை முக்காலியின் அடியிலும் வையுங்கள். வெயில் வருமுன் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மேகமுள்ள இரவிலும் இதையே செய்யுங்கள். இரண்டு இரவுகளின் கணக்கையும் ஒப்பிட்டால், பனி பெய்கிறதா, படிகிறதா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லலாம்.