ஒரு கிண்ணத்தில் ஒரு நாட்டின் வரலாறு

ஜப்பான் என்றதும் நினைவுக்கு வரும் உணவுகளுள் ஒன்று ராமென். சூடான இறைச்சிச் சாற்றில் கோதுமை நூடுல்ஸை இட்டு, மேலே இறைச்சித் துண்டும் வெங்காயத்தாளும் பரப்பித் தருவர். காரத்தன்மையுள்ள உப்புநீர் சேர்த்து மாவைப் பிசைவதால் நூடுல்ஸ் மஞ்சள் நிறமும் நெகிழ்ச்சியும் பெறுகிறது.

ஜப்பானின் அடையாளமாக விளங்கும் இவ்வுணவின் வேர் சீனாவில் உள்ளது. 1859இல் யோகோகாமா துறைமுகம் அயல்நாட்டு வணிகத்திற்குத் திறக்கப்பட்டது. அங்குக் குடியேறிய சீனர் தம் உணவு முறையையும் உடன் கொணர்ந்தனர். 1910இல் டோக்கியோவின் அசாகுசா பகுதியில் ராய்ராய்கென் என்னும் உணவகம் தோன்றியது. அதன் உரிமையாளர் ஜப்பானியர். சமைத்தவர்களோ யோகோகாமாவிலிருந்து வந்த சீனர்.

அக்காலத்தில் இவ்வுணவு 'ஷினா சோபா' எனப்பட்டது. 'ஷினா' என்பது சீனாவைக் குறிக்கும் சொல். ஜப்பான் சீனாவின்மீது படையெடுத்த காலத்தில் அச்சொல்லில் இகழ்ச்சிப் பொருள் ஏறியது. எனவே போருக்குப் பின் அது வழக்கொழிந்து, 'சூக்கா சோபா' என்னும் பெயர் நிலவியது. 'ராமென்' என்னும் பெயர் அதன் பின்னரே நாடெங்கும் பரவியது.

1945இல் ஜப்பான் போரில் தோற்றது. தன் ஆட்சியிலிருந்த கொரியா, தைவான் ஆகியவற்றிலிருந்து வந்த அரிசி நின்றது; அவ்வாண்டு உள்நாட்டு விளைச்சலும் பொய்த்தது. பசி நாட்டை வாட்டியது. நாட்டைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த அமெரிக்கா கோதுமையை அனுப்பியது. பசித்த மக்களிடையே பொதுவுடைமை இயக்கம் வலுப்பெறலாகாது என்னும் அரசியல் நோக்கமும் அவ்வுதவியில் கலந்திருந்தது. கள்ளச்சந்தைகளுக்குக் கசிந்த மாவு, தெருவோரக் கடைகளில் நூடுல்ஸாக மாறிற்று. மலிவும் சத்தும் கொண்ட அவ்வுணவு உழைப்பாளர்களின் பசியை ஆற்றியது.

தைவானில் பிறந்து ஜப்பானில் வாழ்ந்த மோமோபுக்கு ஆண்டோ, ஒசாகாவில் ஒரு கிண்ண நூடுல்ஸுக்காக மக்கள் குளிரில் வரிசையில் நின்றதைக் கண்டார். அக்காட்சியை அவர் மறக்கவில்லை. வேகவைத்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்தால் ஈரம் நீங்கி நுண்துளைகள் உண்டாகும். வெந்நீர் ஊற்றியதும் அத்துளைகள் வழியே நீர் புகுந்து அது மீண்டும் மென்மையாகும். இம்முறையில் 1958இல் உடனடி ராமெனையும், 1971இல் கோப்பை நூடுல்ஸையும் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவை உலகெங்கும் பரவின.

சீனக் குடியேறிகளின் கைத்திறனும், அமெரிக்கக் கோதுமையும், தைவானில் பிறந்தவரின் அறிவும் கூடியே ஜப்பானின் புகழ்பெற்ற இவ்வுணவை உருவாக்கின. ஒரு நாட்டின் தனி அடையாளம் எனப் போற்றப்படுவதிலும் பல நாட்டாரின் உழைப்பு கலந்திருக்கும் என்பதை ராமெனின் வரலாறு உணர்த்துகிறது.