மருந்து இறங்கும் துறை

ஆற்றங்கரை ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் துறை என்னும் சொல்லின் அருமை தெரியும். கண்ட இடமெல்லாம் கால் வைத்து இறங்கினால் கரை சரியும். இறங்குவோர் காலும் இடறும். ஆகவே நம் முன்னோர் தக்க இடம் தேர்ந்து, படி கட்டி, அவ்வழியே இறங்கினர். மனித உடலில் ஓடும் குருதியாற்றுக்கும் இத்தகைய துறை ஒன்றை இன்று மருத்துவர்கள் அமைக்கிறார்கள். அதனைப் 'போர்ட்' என்கிறார்கள். நெடுநாள் நரம்பு வழியே மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டியவர்களுக்குத் தோலின் அடியில் பொருத்தப்படும் சிறு கருவி அது. அதனைப் பற்றி நான் படித்து அறிந்ததைக் காட்டிலும், பிழை செய்து அறிந்ததே மிகுதி.

என் தங்கை தையல் தொழிலால் குடும்பத்தைத் தாங்கியவள். சில ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு இடது மார்பில் புற்றுநோய் கண்டது. அறுவை முடிந்தபின், பல தவணைகளாக மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். அறுவையின்போது இடது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் அகற்றியிருந்தமையால், அந்தக் கையில் ஊசி போடுவதைத் தவிர்த்தார்கள். எஞ்சியது வலக்கை ஒன்றே. "போர்ட் வைத்துக்கொள்வது நல்லது" என்றார் மருத்துவர். தங்கை என் முகத்தைப் பார்த்தாள்.

"நெஞ்சிலே இரும்பை வைத்துத் தைப்பதா? வேண்டாம் அம்மா, கை நரம்பே போதும்" என்றேன். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்று 35 ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லி வந்த நான், அன்று மருத்துவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மூன்றாம் தவணையில் அவள் கை நரம்பு கயிறுபோல் இறுகிவிட்டது. ஏற்றிய மருந்து டாக்சோரூபிசின் என்னும் செந்நிற மருந்து. அது நரம்பைவிட்டுச் சதையில் கசிந்தது. புறங்கை சிவந்து, கொப்புளித்து, புண்ணாயிற்று. ஆறுவதற்கு மாதங்கள் ஆயின. கத்தரிக்கோல் பிடிக்கும் கை அது.

இஃது ஏன் நேர்கிறது? நாம் நரம்பு என்று வழக்கில் சொல்வது உண்மையில் இரத்தக் குழாயே. நூலோர் அதனைச் சிரை என்பர். கையிலுள்ள சிரை ஒரு சிறு வாய்க்கால். கடுமையான மருந்து அதில் இறங்கினால் போதிய குருதியோடு கலவாமல் குழாயின் சுவரை அரிக்கிறது. இதயத்திற்கு அருகிலுள்ள மேற்பெருஞ்சிரையோ பேராறு. நிமிடத்திற்கு ஏறத்தாழ 2 லிட்டர் குருதி அதில் ஓடுகிறது. அங்கே சேரும் மருந்து அக்கணமே நீர்த்துவிடும்.

அப்பேராற்றுக்கு வழி காண்பது எளிதாக இருக்கவில்லை. 1929இல் ஜெர்மனியில் வெர்னர் போர்ஸ்மன் என்னும் இளம் மருத்துவர், தம் கைச் சிரை வழியாகவே மெல்லிய குழாயொன்றை இதயம் வரை செலுத்தி, அப்படியே நடந்து சென்று எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டார். 1956இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1970களில் அமெரிக்காவில் பிரோவியாக், ஹிக்மன் என்போர் நெடுநாள் இருக்கத்தக்க குழாய்களை அமைத்தனர். ஆயினும் அவற்றின் ஒரு முனை மார்பின் வெளியே தொங்கியது. குழாய் முழுவதையும் தோலுக்குள் அடக்கும் முறையை 1982இல் நீடர்ஹூபரும் அவருடைய துணைவர்களும் வெளியிட்டனர்.

தங்கையின் புண் ஆறிவந்த நாளில் மருத்துவர் அக்கருவியை எங்களிடம் காட்டினார். அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "அண்ணா, இது நம் தையல் மிஷின் பாபின் பெட்டி போல் அல்லவா இருக்கிறது!" என்றாள். உண்மைதான். டைட்டேனியத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சிறு கிண்ணம். அதன் மேல் சிலிக்கோன் மூடி. பக்கத்தில் மெல்லிய குழாய். காறை எலும்பின் கீழே தோலடியில் கிண்ணத்தை வைத்து, குழாயின் முனையை மேற்பெருஞ்சிரைவரை செலுத்துகிறார்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தே இச்சிறு அறுவையை முடித்துவிடுகிறார்கள். மருந்து ஏற்றும்போது தோல் வழியே மூடியில் ஊசி குத்துவர். அவ்வூசியின் நுனி சிலிக்கோனைப் பெயர்த்தெடுக்காதவாறு வளைந்திருக்கும். ஆகையால் நூற்றுக்கணக்கான முறை குத்தினாலும் மூடி தானே இறுகிக்கொள்ளும்.

துறை கட்டினால் போதுமா? அதனைத் தூய்மையாகக் காக்க வேண்டும் அன்றோ? ஊசி குத்துபவர் கை கழுவி, தோலை மருந்தால் துடைத்த பின்னரே தொடவேண்டும். குருதி திரும்பி வருகிறதா என்று பார்த்த பிறகே மருந்து ஏற்றவேண்டும். ஊசி சரியாக அமையாவிடில் இங்கும் மருந்து கசியக்கூடும். பயன்படுத்தாத நாளிலும் குறித்த இடைவெளியில் உப்புநீர் செலுத்திக் குழாயைக் கழுவவேண்டும். இல்லையேல் குருதி உறைந்து வழி அடைபடும். இடைவெளி மாதம் ஒருமுறையா, அதற்கும் மேலா என்பதை மருத்துவரே சொல்வார். குளிர்க்காய்ச்சல், துறையைச் சுற்றிச் சிவப்பு, வலி, கழுத்திலோ கையிலோ வீக்கம் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

போர்ட் எல்லோருக்கும் வேண்டுவதன்று. அது நோயைத் தீர்ப்பதும் அன்று. மருந்துக்கு வழி விடுவதே அதன் பணி. அதனைப் பொருத்தச் செலவும் உண்டு. சில தவணை மருந்து, நல்ல கை நரம்பு என்றால் அது இன்றியே நடத்தலாம். ஆகவே அன்பர்களே, உங்கள் இல்லத்தில் எவருக்கேனும் இந்நிலை நேர்ந்தால், வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை நாள் மருந்து? அம்மருந்து சதையில் கசிந்தால் என்ன ஆகும்? நரம்பு எத்தனை நாள் தாங்கும்?

எஞ்சிய தவணைகளைத் தங்கை துறை வழியே ஏற்றிக்கொண்டாள். சிகிச்சை முடிந்தபின் அதனை எடுத்துவிட்டார்கள். மார்பில் சிறு தழும்பு மட்டும் இருக்கிறது. இன்று மீண்டும் தைக்கிறாள். ஆனால் வலக்கையில் இரண்டு விரல்கள் முழுதும் மடங்குவதில்லை. அவள் அதைப் பற்றி ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. அதனாலேயே நான் உங்களிடம் பேசினேன்.